வாசல்காவலனின் பின்கதை

ஒருவருக்கு நோகிறது என்பதைப் பவதாரணி அவருடைய முகத்தைப் பார்த்து அறிவதில்லை. கையைப் பார்த்து அறிவாள். பாசல் ரயில் நிலையத்துக்குப் பின்புறம், குண்டெல்டிங்கன் பகுதியில், ஒரு பல் வைத்தியரிடம் உதவியாளராகப் பதினைந்து வருடத்துக்கு மேலாக வேலை செய்கிறாள். வாயைத் திறந்தபடி மல்லாந்து கிடப்பவரால் பேச முடியாது. முகத்தில் பாதி கருவிகளுக்குப் பின்னால் மறைந்திருக்கும். "நொந்தால் இடது கையை உயர்த்துங்கோ, உடனே நிப்பாட்டுவம்" என்று தொடங்குமுன் சொல்வது அவளுடைய வேலை. அனேகம் பேர் உயர்த்துவதே இல்லை. கதிரைப் பிடியை இறுக்கிக்கொண்டு, விரல் மொளி வெளிறக் கிடப்பார்கள். அப்போது அவளே வைத்தியரின் முழங்கையை மெல்லத் தொடுவாள். வைத்தியர் நிறுத்துவார். "எனக்குக் கண் இரண்டு, உனக்கு நாலு" என்று அவர் அடிக்கடி சொல்வார்.

இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் பிறகு நடந்த காரியத்துக்கு, "நான் கவனிக்கேல்லை" என்ற சாட்டு அவளுக்கு இல்லை.

அவள் திரிம்பாக்கில் வளர்ந்தவள். தகப்பன் ஓல்டனில் ஒரு உணவகச் சமையலறையில் நின்றார். தாய் வயோதிபர் இல்லத்தில் துப்புரவு வேலை. கோயில் திருவிழா, நடன வகுப்பு, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி என்று அங்கே புலம்பெயர்ந்து வாழ்கிற எல்லாத் தமிழ்ப் பிள்ளைகளையும் போலத்தான் அவளும் ஓடித் திரிந்தாள். பதினைந்து வயதில் பள்ளிக்கூடத் தோழி ஒருத்தி தன் வீட்டுக்குக் கூட்டிப் போய், இருபது முகமுள்ள ஒரு பகடையை அவளுடைய உள்ளங்கையில் வைத்தாள். அன்றைக்குப் பிடித்தது அந்தப் பைத்தியம்.

விளையாட்டு இதுதான். பலகையும் இல்லை, திரையும் இல்லை. ஒருவர் உலகத்தைச் சொல்வார்: காடு, கோட்டை, பூதம், மந்திரவாதி எல்லாம் அவர் வாயிலிருந்து வரும். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி அந்த உலகத்துக்குள் நடப்பார்கள். "நான் பாலத்தைத் தாண்டிப் பாயிறன்" என்று ஒருவர் சொன்னால், பாய்ந்தாரா விழுந்தாரா என்பதைப் பகடை சொல்லும். பவதாரணி வீட்டில் இதற்குப் பெயர் "கதை ஓட்டுறது". ஓட்டுவது எப்போதும் அவள்தான். "முப்பத்திமூண்டு வயசிலை பகடை உருட்டிக்கொண்டிருக்கிறாள், இவளுக்கு நான் எங்கை மாப்பிள்ளை பாக்கிறது" என்று தாய் தொலைபேசியில் சொந்தக்காரருக்குச் சொல்வது அவளுக்கும் கேட்டிருக்கிறது.

அவளுக்கு ஒரு பெருமை உண்டு. பூதத்தையும் புதையலையும் எவரும் சொல்லலாம். ஒரு பாத்திரம் எங்கேயிருந்து வருகிறது என்பதை வைத்துக் கதையைப் பின்னத் தன்னைப் போல ஆளில்லை என்பது அவள் நினைப்பு. அதனால் விளையாட்டுக்கு வருகிற யாரிடமும் முதலில் பின்கதையைத்தான் கேட்பாள். அவளுடைய தோழி ரிஷானி, பாலர் பள்ளி ஆசிரியை, வரி வசூலிப்பவரின் மகளாக வந்தாள். அதன் பிறகு அந்தக் கற்பனை நாட்டில் அவள் எந்த ஊருக்குள் நுழைந்தாலும் சனங்கள் நெல்லை ஒளித்தார்கள், குழந்தைகள் கதவுக்குப் பின்னால் ஓடினார்கள். அவள் ஒருவருக்கும் ஒரு தீங்கும் செய்யவில்லை. பவதாரணியின் தம்பி ஜதுஷன், மந்திரப் பள்ளியிலிருந்து துரத்தப்பட்டவனாக வந்தான். அவன் சிரிப்புக்குத்தான் அப்படிச் சொன்னான். அக்காவோ, நாட்டின் மந்திரவாதிகள் எல்லாரையும் அவனுக்குப் பழைய வாத்தியார்களாக்கிவிட்டாள். ஒரே பாலம், ஒரே ஊர், ஒரே காவலாளி. ஆனால் வரி வசூலிப்பவரின் மகளுக்கு நடக்கிற கதை வேறு, துரத்தப்பட்டவனுக்கு நடக்கிற கதை வேறு. ஞாயிற்றுக்கிழமை மதியங்களில், கிளைன்பாசலில் அவளுடைய மூன்றாம் மாடி வீட்டில், இப்படி இரண்டு வருடம் ஓடியது.

கீர்த்தனன் அவளுடைய வாழ்க்கைக்குள் வந்தது ஒரு கடைவாய்ப் பல்லால். பல் இரண்டாகப் பிளந்திருந்தது. மற்றப் பற்களின் முனைகளும் உரலில் இட்டதுபோலத் தேய்ந்து கிடந்தன. "நித்திரையில் பல்லை நெருமுகிறார். இப்படியே போனால் பத்து வருடத்தில் வாயில் ஒன்றும் மிஞ்சாது" என்றார் வைத்தியர். இரவில் போட்டுப் படுக்க ஒரு ஷீனே, பற்களுக்கு மேல் கவிழ்க்கிற கண்ணாடி மாதிரியான கவசம், செய்வதற்கு அச்செடுத்தார்கள். ஆள் ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் வேலை செய்பவர். வன்னியிலிருந்து வந்து பத்துப் பன்னிரண்டு வருடம். தனியாக இருக்கிறார். முப்பத்தைந்து, முப்பத்தாறு வயதிருக்கும். போகும்போது பவதாரணியின் திறப்புக் கோர்வையில் தொங்கிய பகடையைப் பார்த்து, "இதிலை எத்தினை பக்கம்?" என்று கேட்டார்.

அவள் சொன்னாள். எதற்கென்றும் சொன்னாள். அவர் அச்சுப் பசை ஒட்டிய உதட்டைத் துடைத்தபடி, "அப்ப வேறை ஆளா இருக்கலாமோ?" என்றார்.

"ஓம். நீங்கள் சொல்லுற ஆளா இருக்கலாம்."

"தமிழிலையும் விளையாடுவியளோ?"

அவர் வந்து சேர்ந்தபின் விளையாட்டு முழுக்கத் தமிழுக்கு மாறியது. ரிஷானிக்கும் ஜதுஷனுக்கும் தெரியாத சொற்களை அவரே எடுத்துக் கொடுத்தார். ஆனால் விளையாடத் தொடங்குமுன், மற்றவர்களைப் போல அவரும் பின்கதை சொல்ல வேண்டியிருந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் பவதாரணி அவரைத் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டாள்.

"உங்கடை ஆள் ஆர்?"

"வாசல்காவலன். கோட்டை வாசல்லை நிண்டவன். இப்ப நிக்கேல்லை. விட்டிட்டு வந்திட்டான்."

"ஏன் விட்டவன்?"

அவர் கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பிடித்தார். "ஒருநாள் சரியான சண்டை. வெளியிலை இருந்து ஒரு பொம்பிளை வந்து தட்டுறா. இடுப்பிலை பிள்ளை. கையிலை ஒரு மஞ்சள் வாளி. இவன் திறக்கேல்லை. உள்ளை இடமில்லை எண்டு சொன்னவன்."

"பேந்து?"

"பேந்தென்ன. அவ திரும்பிப் போட்டா."

"வாளியோ?" என்றாள் பவதாரணி. அவளுக்கு இப்படியான சின்னச் சின்னச் சாமான்கள் பிடிக்கும்.

"ஓம். பிளாஸ்டிக் வாளி…" என்றவர் நிறுத்தினார். பிறகு அவசரமாகச் சிரித்தார். "உங்கடை கதை நாட்டிலை பிளாஸ்டிக் இருக்காது என்ன. மரவாளி எண்டு வையுங்கோ."

அவளுக்கு அந்த நிமிடத்திலேயே விளங்கிவிட்டது. ஒரு கோட்டைக்குள் ஒரு பெண்ணுக்கும் பிள்ளைக்கும் எப்படி இடமில்லாமல் போகும்? கோட்டைக்குள் இடமிருக்கும். பதுங்குகுழிக்குள்தான் இராது. டீட்டிகோனில் இருக்கிற அவளுடைய மாமி போரின் கடைசி மாதங்களில் பங்கருக்குள் கிடந்து வந்தவர். ஒருவர் மடியில் ஒருவர் இருந்ததையும், வெளியே கேட்ட குரல்களையும், சொல்லத் தொடங்கி இடையில் எழும்பிப் போய்விடுவார். பவதாரணிக்கு முதுகு சில்லிட்டது.

ஆனால் சில்லிட்டது மட்டுமல்ல. அந்தச் சில்லிப்போடு ஒட்டிக்கொண்டு ஒரு சந்தோசமும் வந்தது. எப்பேர்ப்பட்ட பின்கதை! இதை வைத்து என்னவெல்லாம் செய்யலாம்! பிறகு எத்தனையோ தடவை அவள் அந்த நிமிடத்துக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் அந்தச் சந்தோசம் அதே இடத்தில் அப்படியே இருந்தது. "நல்லாயிருக்கு" என்றுதான் அவரிடம் அன்றைக்குச் சொன்னாள். "சரியான நல்லாயிருக்கு."

சில ஞாயிறுகள் அந்தப் பின்கதையை அவள் தொடவில்லை. பொறுமை அல்ல அது. பழுக்கட்டும் என்று விட்டிருந்தாள். வாசல்காவலன் நல்ல துணையாக இருந்தான். மற்றவர்கள் சண்டைக்குப் பாய்ந்தால் அவன் பின்னுக்கு நின்று எல்லாரும் வந்துவிட்டார்களா என்று எண்ணிப் பார்ப்பான். எந்தச் சத்திரத்தில் தங்கினாலும் கதவடியில் படுப்பான். கீர்த்தனன் சிரிக்கத் தொடங்கியிருந்தார். ஒருமுறை ஜதுஷனுடைய மந்திரம் பிழைத்து அவனுடைய சொந்தக் கழுதையே பறந்து போனபோது, அவர் கண்ணில் நீர் வரச் சிரித்து, மேசையில் தலையை வைத்துவிட்டார்.

பிறகு அந்த ஞாயிறு வந்தது. கதையில் அவர்கள் இடிந்த கோட்டை ஒன்றில் ஒதுங்கியிருந்தார்கள். வெளியே எதிரிப் படை. பவதாரணி இதற்காக ஒரு கிழமையாகத் தயாராகியிருந்தாள். எந்த மரத்தில் எப்படித் தட்டினால் தூரத்துக் கதவு மாதிரிக் கேட்கும் என்று வீட்டிலுள்ள அலுமாரி, மேசை எல்லாவற்றையும் தட்டிப் பார்த்திருந்தாள். மேசையின் அடிப்பக்கம்தான் சரியாக இருந்தது. இப்போது கையை மேசைக்குக் கீழே விட்டு, மூன்று தரம் தட்டினாள்.

"வாசல்லை ஆரோ நிக்கினம்" என்றாள். "காவலன் ஓட்டையாலை பாக்கிறான். ஒரு பொம்பிளை. இடுப்பிலை பிள்ளை. கையிலை மஞ்சள் வாளி."

ரிஷானியின் கை வாய்க்குப் போனது. பின்கதை அவளுக்கும் தெரியும், விளையாட்டின் பின்கதையாக. "ஐயோ, அவ திரும்பி வந்திட்டா" என்றாள் உற்சாகத்தோடு.

கீர்த்தனன் பகடையைக் கையில் எடுத்தார். பிறகு, "நான் திறக்கிறன்" என்றார்.

"தாழ்ப்பாள் துருப்பிடிச்சுப் போச்சு. உருட்டுங்கோ."

உருட்டினார். நாலு விழுந்தது. குறைந்தது பன்னிரண்டு வேண்டும்.

"பவா, இன்னொருக்கா உருட்டலாம் தானே?" என்றாள் ரிஷானி. கதை ஓட்டுகிறவருக்கு அந்த அதிகாரம் உண்டு. பகடையை மீறி, "கதவு திறக்குது" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். முன்பு எத்தனை முறை சும்மா ஒரு கழுதைக்காக அவள் அப்படிச் செய்திருக்கிறாள்.

கீர்த்தனனின் இடது கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது. மொளிகள் வெளிறியிருந்தன. பவதாரணி அதைப் பார்த்தாள். வடிவாகப் பார்த்தாள். மேசையைச் சுற்றி அப்படி ஓர் அமைதி. பதினெட்டு வருடத்தில் அவள் ஓட்டிய எந்தக் கதையிலும் வராத அமைதி. எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டு அவளுடைய வாயையே பார்த்தார்கள். அந்த அமைதியைக் கைவிட அவளுக்கு மனம் வரவில்லை.

"தாழ்ப்பாள் அசையேல்லை" என்றாள். மேசைக்குக் கீழே இன்னும் இரண்டு தரம் தட்டினாள், முன்னதைவிட மெதுவாக. "வெளியிலை தட்டுறது நிண்டு போச்சு."

கீர்த்தனன் எழுந்தார். கதிரையைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளினார். "நான் போட்டு வாறன். வீட்டிலை பால் முடிஞ்சு போச்சு, வாங்கோணும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை. கடைகள் எல்லாம் பூட்டு.

அவர் போனபின் ஜதுஷன், "அக்கா, அது விசர் சீன்" என்றான். விசர் என்றால் அவனுக்குப் பிரமாதம் என்று அர்த்தம். ரிஷானி கோப்பைகளைக் கழுவ வந்து, தண்ணீரைத் திறந்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "அது அவற்றை சொந்த விசயமோ? உனக்கு முதலே தெரியுமோ?"

"இல்லை" என்றாள் பவதாரணி. "எனக்கென்னெண்டு தெரியும்?"

பொய் வழுக்கிக்கொண்டு வந்தது. சொல்லி முடிந்தபிறகுதான் அதன் பாரம் தெரிந்தது.

அடுத்த நாள் அவருக்குச் செய்தி அனுப்பினாள்: கதையை மாற்றியிருக்கிறேன், அடுத்த முறை கதவு திறக்கும். அவர் பார்த்துவிட்டார் என்று கைத்தொலைபேசி காட்டியது. பதில் இல்லை. இரண்டு நாள் கழித்துத் தன் செய்தியைத் தானே திரும்ப வாசித்தபோது அவளுக்குக் காது சுட்டது. ஒருவருடைய புண்ணை விரலால் கிண்டிவிட்டு, அதே விரலால் மருந்து பூசுகிறேன் என்று சொல்வதுபோல இருந்தது. அழிக்கப் பார்த்தாள். நேரம் கடந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. ரிஷானிக்கு வேறு அலுவல், ஜதுஷனுக்குப் பரீட்சை என்று விளையாட்டு தானாக நின்றது. பவதாரணி மேசையை எங்கே தொட்டாலும் அந்தச் சத்தம் வந்தது. தன்னோடு தானே வழக்காடினாள். அவரேதானே அந்தக் கதையைக் கொடுத்தார்? கொடுக்கும்போது தெரிந்துதானே கொடுத்தார்? பகடை விழுந்ததற்கு நானா பொறுப்பு? இப்படி நியாயம் கதைக்கத் தொடங்கினால் கொஞ்சத் தூரம் போகும். பிறகு அந்த வெளிறிய மொளிகள் வந்து முன்னால் நிற்கும். அதற்கு அப்பால் நியாயம் நகராது.

ஷீனே உடைந்துவிட்டது என்று கீர்த்தனன் வைத்தியரிடம் நேரம் எடுத்திருந்தார். அன்றைய ஆட்களின் பெயர்களைத் திரையில் பார்த்தபோது அவருடையதும் இருந்தது. கூட வேலை செய்பவளிடம் அந்த ஒருவரை மட்டும் மாற்றிக் கேட்கலாம் என்று எழுந்தாள். பிறகு இருந்துவிட்டாள்.

அவர் வந்து கதிரையில் படுத்தார். "வணக்கம்" என்றார், முன்பு சொல்கிற மாதிரியே. உடைந்த கவசத்தை ஒரு பையில் கொண்டு வந்திருந்தார். வைத்தியர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இது லேசில் உடையாத சாமான். இரவில் கல்லையா மெல்லுகிறீர்கள்?" என்று பகிடி விட்டார். கடைவாய்ப் பல்லின் நிரப்பலும் வெடித்திருந்தது, துளைக்க வேண்டும். பவதாரணி குழாயைக் கையில் எடுத்தாள். சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டும்.

"நொந்தால்…" என்று தொடங்கினாள். குழாயை மற்றக் கைக்கு மாற்றினாள். "நொந்தால் கையை உயர்த்துங்கோ. நிப்பாட்டுவம்."

அவர் கண்ணை மூடாமல் அவளையே பார்த்தார். துளைக்கிறபோதும் பார்த்தார். கை மடியில் அப்படியே கிடந்தது. ஒரு விரல்கூட அசையவில்லை. அவள் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான அரைமணித்தியாலம் வேறு இருந்ததில்லை.

மதிய இடைவேளைக்கு அவள் மேலங்கியைக் கூடச் சரியாகப் போடாமல் பின்னால் ஓடினாள். டெல்பிளாட்ஸ் டிராம் தரிப்பிடத்து வாங்கில் அவர் இருந்தார். மருந்தால் மரத்துப்போன கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நான் உங்களோடை ஒண்டு கதைக்கலாமோ?"

"இருங்கோ."

இருந்தாள். ஒரு டிராம் வந்து போனது. "எனக்குத் தெரியும்" என்றாள். "நீங்கள் சொன்ன அண்டைக்கே தெரியும். அது கோட்டை இல்லையெண்டு. தெரிஞ்சுகொண்டுதான் செய்தனான்."

"ஓம்" என்றார் அவர். "உங்களுக்கு விளங்கினது எனக்கும் தெரியும். பிளாஸ்டிக் எண்டு நான் சொல்லேக்கையே உங்கடை முகம் மாறினது."

அவள் எதிர்பார்த்திருந்தது கோபத்தை.

மரத்த வாயோடு அவர் மெதுவாகக் கதைத்தார்; சில எழுத்துகள் குழறின. "எனக்குப் பத்தொன்பது வயசு. குழிக்குள்ளை அம்மா, தங்கச்சியவை, பக்கத்து வீட்டுச் சனம். வாசல்லை நான். தகரம் ஒண்டாலை மூடியிருந்தது. அவ தட்டினா. நான் இடமில்லை எண்டனான். உண்மையா இடமில்லைதான். ஆனா நெருக்கியிருந்தா ஒரு பிள்ளையை வாங்கியிருக்கலாம். அது எனக்கு அப்பவே தெரியும். அவ சரி தம்பி எண்டிட்டுப் போட்டா. சரி தம்பி எண்டு சொன்னவ. இருக்கிறாவோ இல்லையோ தெரியாது. ஆரெண்டும் தெரியாது."

பவதாரணி கையைப் பிசைந்தாள்.

"இஞ்சை வந்து அகதி விசாரணையிலை எத்தினை தரம் கேட்டவங்கள், எங்கையிருந்து வந்தனீ, என்ன நடந்தது எண்டு. எனக்கு என்ன செய்தவங்கள் எண்டதைச் சொன்னனான். நான் என்ன செய்தனான் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. நீங்கள்தான் கேட்டனீங்கள். அதுதான் சொன்னனான். எப்பவாவது அவ வந்து தட்டுவா எண்டு தெரியும். தட்ட வேணும் எண்டுதான் ஒவ்வொரு கிழமையும் வந்தனான்." கொஞ்சம் நிறுத்தினார். "நான் திறக்கலாம் எண்டு நினைச்சனான்."

"கதவைத் திறக்கிறது என்ரை கையிலை இருந்தது" என்றாள் அவள்.

"ஓம். இருந்தது."

அவ்வளவுதான் அவர் சொன்னது. பரவாயில்லை என்று சொல்லவில்லை. ஏன் திறக்கவில்லை என்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும்: எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது எனக்கு இனித்தது என்று.

"நான் என்ன செய்ய?" என்றாள்.

அவர் யோசித்தார். "அவையிட்டைச் சொல்லுங்கோ. ரிஷானியிட்டையும் தம்பியிட்டையும். என்னை வருத்தக்காரன் மாதிரிப் பாக்கினம். ரிஷானி நெடுக மெசேஜ் போடுறா, சுகமோ சுகமோ எண்டு. ஆனா என்ரை கதையைச் சொல்லாதேங்கோ. உங்கடை கதையைச் சொல்லுங்கோ."

அடுத்த டிராமில் அவர் ஏறினார். பவதாரணி வேலைக்குப் பிந்திப் போனாள்.

உங்கடை கதையைச் சொல்லுங்கோ என்பது கேட்க இலேசு. அவருடைய கதையைத் தொடாமல் தன்னுடையதை எப்படிச் சொல்வது? அவள் பல விதமாகச் சொல்லிப் பார்த்தாள். எங்கே தொடங்கினாலும் அவருடைய குழி வாசலில்தான் போய் நின்றது. கடைசியில் ஒரு ஞாயிறு மதியம் ரிஷானியையும் ஜதுஷனையும் கூப்பிட்டு, பகடை எதுவும் இல்லாத மேசையில் இருத்தி, சுருக்கமாகச் சொன்னாள்.

"கீர்த்தனன் சொன்ன பின்கதை விளையாட்டில்லை எண்டு எனக்கு முதலே தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் அந்தக் கட்டத்தை வைச்சனான். அவருக்கு நோகுது எண்டு கண்டனான். கண்டுபோட்டும் நிப்பாட்டேல்லை."

"என்ன நடந்தது அவருக்கு?" என்றான் ஜதுஷன்.

"அதை நான் சொல்ல ஏலாது."

ரிஷானி வேறொன்றைக் கேட்டாள். "நான் உன்னட்டைக் கேட்டனான். இந்தக் குசினியிலை நிண்டு கேட்டனான். நீ தெரியாது எண்டனி."

"ஓம். பொய் சொன்னனான்."

"ஏன் நிப்பாட்டேல்லை?"

டிராம் தரிப்பிடத்தில் கேட்கப்படாத கேள்வி இங்கே வந்துவிட்டது. பவதாரணி பதில் சொன்னாள். "நீங்கள் எல்லாரும் என்னையே பாத்துக்கொண்டிருந்தனீங்கள். அது எனக்கு நல்லாயிருந்தது."

ரிஷானியின் முகம் கறுத்தது. "நானும்தான் பாத்துக்கொண்டிருந்தனான்" என்றாள். "அவ திரும்பி வந்திட்டா எண்டு கை கொட்டாத குறையாச் சொன்னனான். என்னையும் சேத்தல்லோ அதுக்குள்ளை இழுத்துப்போட்டாய். தெரிஞ்சிருந்தா நான் வாயைத் திறந்திருப்பனோ?" பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "என்னாலை இனி இந்த மேசையிலை இருக்க ஏலாது, பவா. நீ அடுத்ததா ஆரை எடுப்பாயெண்டு நான் யோசிச்சுக்கொண்டிருப்பன்."

பவதாரணி தடுக்கவில்லை. சொன்னதில் பிழை இருந்தால் அல்லவா தடுக்க?

ரிஷானி திரும்பி வரவில்லை. கோயிலில் கண்டால் சிரிப்பாள், "அம்மா எப்பிடி இருக்கிறா?" என்று கேட்பாள். அடுத்த தையில் அவளுக்குக் கலியாணம் நடந்தது. அழைப்பு வந்தது, பவதாரணி போனாள், படம் எடுக்கும்போது பின்வரிசையில் நின்றாள். சிறுவயது முதல் ஒன்றாகத் திரிந்தவர்களுக்கு இப்போது இருப்பது அந்த அளவு பழக்கம்தான்.

திரும்பி வந்தது கீர்த்தனன். மாரி தொடங்கிய பிறகு ஒருநாள், ஒன்றும் அறிவிக்காமல், கையில் ஒரு பெட்டி மிக்சரோடு வாசலில் நின்றார். ஜதுஷனும் இருந்தான். மூன்று பேருக்கு மேசை பெரிதாகத் தெரிந்தது.

"பழைய ஆள் வேண்டாம்" என்றார் கீர்த்தனன். "புது ஆள். ஆடு விக்கிறவன்."

"சரி" என்றாள் பவதாரணி. அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வியை அவள் கேட்கவில்லை. அவரே சொன்னார்: "பின்கதை ஒண்டுமில்லை இவனுக்கு. நேற்றுத்தான் பிறந்தவன் எண்டு வையுங்கோ."

பின்கதை இல்லாத ஆளை வைத்துக் கதை ஓட்டுவது அவளுக்குக் கையைக் கட்டிவிட்டுச் சமைக்கச் சொன்னதுபோல இருந்தது. ஊர்கள் எல்லாம் வெறும் ஊர்களாக இருந்தன. யாரும் அவனைக் கண்டு பயப்படவில்லை, அழவில்லை, பழைய கணக்குத் தீர்க்க வரவில்லை. ஆட்டை விற்றான், மழைக்கு ஒதுங்கினான், ஜதுஷனுடைய பாத்திரத்தோடு வாய்ச்சண்டை போட்டான். விறுவிறுப்பு ஒன்றும் இல்லை. கீர்த்தனன் அதை நன்றாக அனுபவித்தார். தட்டுகிற சத்தம் வரக்கூடிய எதையும் பவதாரணி கதைக்குள் விடவில்லை. கதவுகளைக்கூட அனேகமாகத் திறந்தே வைத்தாள். அது அவருக்கு விளங்காமல் இராது. அவர் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

ஒரு ஞாயிறு, எல்லையூர் ஒன்றில், சந்தைக் காவலாளியாகக் குரலை மாற்றி அவள் வழமையாகக் கேட்கிறதைக் கேட்டுவிட்டாள்: "நில்லு. எங்கையிருந்து வாறாய்?"

கேட்டபின்தான் நாக்கைக் கடித்தாள். ஆனால் கீர்த்தனன் மிக்சரில் கடலையைத் தேடிக்கொண்டே, "பின்னாலையிருந்து" என்றார்.

ஜதுஷன் விழுந்து விழுந்து சிரித்தான். கீர்த்தனனும் சிரித்தார். பவதாரணியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவளுடைய மனம் ஓடத் தொடங்கிவிட்டது: பின்னாலை என்றால் எங்கே? ஏன் ஆடு? ஒரு பெயரும் சொல்லாத ஊரிலிருந்து ஒருவன் ஆட்டோடு வருகிறான் என்றால், அந்த ஊரில் என்ன நடந்திருக்கும்?

வெட்கம் முகத்தில் சூடாக ஏறியது. "தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன்" என்று எழுந்து குசினிக்குள் போனாள்.